பழைய லயத்தில் சூசையப்பர் விருந்து

மார்ச் மாதம் பிறந்த அன்று மாலையே மரியநாதன் மனைவியிடம் கேட்டுவிட்டான்.

“விருந்துக்கு யாரைக் கூப்பிடப் போற?”

அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த அமலோற்பவம் திரும்பிப் பார்க்கவில்லை. “யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்ததால்தான் அந்தக் கேள்வியைச் சில நாளாகத் தள்ளிப்போட்டு வந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அவனுக்குத் தொடங்கியதே காய்ச்சலோடுதான். ஜோகூர் பாருவுக்குக் கிழக்கே மாசாய்க்கு அப்பால், கடலை ஒட்டியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் புதிதல்ல. ஆனால் அவனுக்கு வந்தது சிறுநீரைக் கறுப்பாக்கிக் கொல்லும் காய்ச்சல். ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் வந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். சொல்லி அனுப்ப இந்த நாட்டில் அவர்களுக்கு யாரும் இல்லை. பிள்ளையும் இல்லை. அமலோற்பவம் சுவரில் மாட்டியிருந்த சூசையப்பர் படத்தின் முன்னால் விழுந்து பொருத்தனை செய்துகொண்டாள். இவர் எழுந்து நடந்தால், மார்ச் பத்தொன்பதாம் தேதி, உம்முடைய திருநாளன்று, ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று ஏழைகள் மூவரை அழைத்து, உம்மையும் மாதாவையும் குழந்தை சேசுவையும் அழைத்ததாக நினைத்துக் கால் கழுவிச் சோறு போடுகிறேன். ஊரில் அவளுடைய தாய் அப்படிச் செய்வதை அவள் பார்த்திருந்தாள்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வெள்ளையம்மா. அவள் கும்பிடுவது முருகனை. ஆனால் மரியநாதன் படுத்திருந்த நாளெல்லாம் கடலோர லயத்து வரிசை வீட்டிலிருந்து கஞ்சிச் சட்டியோடு நடந்து வந்தவள் அவள்தான். அமலோற்பவம் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்து, “நீயும் உன் மாமனாரும் பாப்பாவும்தான் வரணும்” என்றாள்.

“அண்ணன் மொதல்ல எழுந்து உக்காரட்டும்” என்றாள் வெள்ளையம்மா.

மரியநாதன் எழுந்து உட்கார்ந்தான். கொஞ்சநாளில் புகை வீட்டு வேலைக்கும் திரும்பினான். கித்தா என்கிற ரப்பர்த் தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒரு கழியைத் தூக்கி வைத்தால் அடுத்ததற்குப் பலம் இல்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று விறகுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அதற்குள் வெள்ளையம்மாவின் குடும்பம் தோட்டத்துக்கு ஆகாத குடும்பமாகிவிட்டது.

கித்தா விலை விழுந்தபின் கடலோரப் பகுதியில் பால்வெட்டை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த ஆட்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பிக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எல்லோரும் போனார்கள். வெள்ளையம்மாவின் மாமனார் ஐயாசாமி மட்டும் போகமாட்டேன் என்றார். அவருடைய மகன் கனகராஜ் அதற்கு முன்பே வேலை தேடி அக்கரைக்குப் படகேறியிருந்தான். “நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் இந்த எடத்த விட்டு நகராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இவர்கள் கப்பலேறிவிட்டால் அவன் எங்கே வந்து தேடுவான்? காலியாகக் கிடந்த அந்தப் பழைய லயத்தின் கடைசி அறையில் கிழவரும் மருமகளும் அவளுடைய சின்னப் பெண் பொன்னியும் தங்கிவிட்டார்கள்.

துரை அதைக் கண்டும் காணாததுபோல் இருந்திருப்பார். ஆனால் அந்த மார்ச் மாதம் தோட்டத்துக்கு இருபத்தைந்து வயது நிறைவடைந்தது. காட்டை வெட்டி முதல் கன்று நட்ட நாளைக் கொண்டாட, இருபத்துமூன்றாம் தேதி சிங்கப்பூரிலிருந்து கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் வரும் பாதையில்தான் பழைய லயம் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, சதாசிவம் கங்காணி துரையின் உத்தரவைச் சொன்னார். பழைய லயத்தை இடிக்கப் போகிறார்கள். அங்கே இருப்பவர்கள் தோட்டத்து ஆட்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் சோறோ இடமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவர்களுக்கும் இங்கே இடம் இல்லை.

அதனால்தான் மரியநாதன் கேட்டான். “வேற மூணு பேரக் கூப்பிடேன். சூசையப்பர் என்ன, பேரு சொல்லியா கேட்டார்?”

“நான் பேரு சொல்லித்தான் கேட்டேன்.”

“அப்ப உத்தரவு இல்ல. இப்ப இருக்கு. வேலை போச்சுன்னா நாமளும் கப்பல்தான். ஊர்ல நமக்கு என்ன இருக்கு?”

அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. மார்ச் முழுவதும் சூசையப்பருக்கு ஒப்புக்கொடுத்த மாதம். தோட்டத்திலிருந்த ஏழெட்டு வேதக்காரக் குடும்பங்கள் மாலைதோறும் தங்கராஜு வீட்டில் கூடின. தங்கராஜு மனைவியை இழந்த கிழவர். சுவாமியார் ஜோகூர் பாருவிலிருந்து எப்போதாவதுதான் வருவார் என்பதால், அவரே உபதேசியாராக இருந்து ஜெபம் சொல்வார். திருநாட்களெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இரண்டாவது வாரம் மூர்த்தி என்ற பால்வெட்டுக்காரனைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். ஐயாசாமிக்குக் கொஞ்சம் அரிசியும் ஒரு தேங்காயும் கொடுத்தானாம். பெரட்டில் கங்காணி அவன் பெயரைக் கூப்பிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். அவ்வளவுதான். மத்தியானம் அவன் மனைவி தலையில் பாயைச் சுமந்துகொண்டு பாதையில் போவதை மரியநாதன் புகை வீட்டு வாசலிலிருந்து பார்த்தான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

“ஒடம்புக்கு முடியலையா?” என்றாள் அமலோற்பவம்.

“பயமா இருக்கு” என்றான்.

அப்படி அவன் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இன்னும் ஒட்டியே இருந்தது. “சரி. தங்கராஜு தாத்தாவ கூப்பிடுறேன். அவருக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளையும் பிள்ளையும் பாத்துக்கலாம்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே அவனை உறுத்தியது. ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் தங்கராஜு வழக்கம்போல் வரும் நாட்களைச் சொன்னார். “வியாழக்கிழமை பத்திரீசியார் திருநாள். அயர்லாந்து தேசத்துக்குப் பாதுகாவலர். நம்ம துரை அந்த நாட்டுக்காரர்தான். வெள்ளி வியாகுல மாதா. சனி சூசையப்பர். மறுநாள் குருத்து ஞாயிறு. அதுக்கடுத்த வெள்ளி பெரிய வெள்ளி, தேதி இருபத்தஞ்சு.”

மரியநாதன் நிமிர்ந்தான். மார்ச் இருபத்தைந்து மங்கள வார்த்தைத் திருநாள். வானத்திலிருந்து சம்மனசு வந்து மாதாவிடம் சேதி சொன்ன நாள். அதே நாளில் பெரிய வெள்ளியா? சேசு கருவான நாளும் செத்த நாளும் ஒன்றாக வரலாமா? கேட்க நினைத்தான். எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கேட்காமலேயே வீட்டுக்கு வந்தான். ஆனால் அந்தத் தேதி அவன் மனத்தில் முள்ளைப்போல் தங்கிவிட்டது.

வியாழனன்று துரை பங்களாவில் விருந்து. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் கார்களில் வந்திறங்கினார்கள். பங்களாப் பையன்களின் சட்டையில் பச்சை ரிப்பன் குத்தியிருந்தது. நோன்பு நோற்க வேண்டிய தபசு காலத்திலும் சிரிப்புச் சத்தமும் பாட்டும் புகை வீடுவரை கேட்டன. மரியநாதனுக்கு ஒரு நம்பிக்கை எழுந்தது. தன் தேசத்து அர்ச்சியசிஷ்டவரான பத்திரீசியாரை இப்படிக் கொண்டாடுகிற மனிதர், கிழவரிடமும் குழந்தையிடமும் இரக்கம் காட்டாமலா போவார்? மறுநாள் காலை துரை கண் சிவந்து பெரட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை பழைய லயத்தை இடிக்க வேண்டும் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்தது. விடியுமுன்பே அமலோற்பவம் எழுந்து அடுப்பு மூட்டிவிட்டாள். மரியநாதன் வேலைக்குக் கிளம்பும்போது வீடு முழுக்கப் பருப்பு வேகும் வாசனை.

“மத்தியானம் சீக்கிரம் வந்துடுறேன். தாத்தா கால நாந்தானே கழுவணும்” என்றான்.

“வாங்க” என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அரைநாள் வேலை முடிந்து அவன் வந்தபோது வீடு பூட்டியிருந்தது.  ஜன்னல் வழியாகப் பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது. பெரிய சோற்றுப் பானையைக் காணோம். சுவரில் சூசையப்பர் படமும் இல்லை. அவன் வேகமாகத் தங்கராஜு வீட்டுக்குப் போனான். கிழவர் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க விருந்துக்குப் போகலையா?”

“உன் வீட்டுக்காரி நேத்தே வந்து, மன்னிச்சுக்குங்க தாத்தா, நான் வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்னு சொன்னா. எனக்குச் சோறு இருக்கும்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்.” கிழவர் கத்தியை வைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார். “வியாகுல மாதா அன்னைக்குப் பழைய லயத்துக்குப் போயி, கூப்பிட முடியாதுன்னு சொல்லத்தான் போனாளாம். போன எடத்துல அந்தப் பிள்ளை பச்சைப் பப்பாளிக்காயத் தின்னுட்டு இருந்துச்சாம்.”

மரியநாதன் ஓடினான். ஓட உடம்பில் தெம்பில்லை. பாதையில் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று மரங்களுக்கிடையே புகுந்தான். வெட்டாமல் விட்ட பகுதியில் புல் முழங்கால்வரை வளர்ந்திருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். பானையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். யாரும் பார்ப்பதற்குள். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனான்.

பழைய லயத்தின் கடைசி அறைக்கு முன்னால் மண்ணைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. பலகைச் சுவரில் சூசையப்பர் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று வாழை இலைகள். ஐயாசாமி ஒரு பெட்டிமேல் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அமலோற்பவம் ஒரு தகரத் தட்டில் அவருடைய காலை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வேணாம் தாயி, பெரிய அழுக்குக் காலு” என்றார் கிழவர்.

“அதுக்குத்தானே தண்ணி” என்றாள் அவள்.

மரியநாதன் மரத்துக்குப் பின்னால் நின்றான்.  அப்போது பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது.

“என்ன மரியநாதா, இங்க நிக்கிற?”

சதாசிவம் கங்காணி. கையில் பிரம்பு, தலையில் தொப்பி. திங்கட்கிழமை இடிப்பதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று பார்க்க வந்திருப்பார். அவர் பார்வை மரியநாதனைத் தாண்டி அந்த வாசலுக்குப் போனது.

மரியநாதன் அவர் பக்கம் திரும்பினான். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெண்டாட்டியைத் தேடி வந்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் பொன்னி தன்னுடைய காலையும் கழுவச் சொல்லித் தட்டுக்குள் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டாள். அமலோற்பவம் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை.

“இது என் நேர்த்திக்கடன், கங்காணி” என்றான். “எனக்காகத்தான் நடக்குது. சோறு என் வீட்டுச் சோறு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நாந்தான் செய்யச் சொன்னேன்.”

கங்காணி பிரம்பால் காலருகே புல்லைத் தட்டினார். “துரை என்ன சொன்னாருன்னு கேட்டீல்ல?”

“கேட்டேன்.”

“மூர்த்தி போனதப் பாத்தீல்ல?”

“பாத்தேன்.”

“எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு மரியநாதா. துரை என்னைக் கேட்டாருன்னா நான் பொய் சொல்லமாட்டேன்.” அவர் திரும்பி வந்த வழியே போய்விட்டார்.

அவர் மரங்களுக்குள் மறையும்வரை மரியநாதன் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போனான். அமலோற்பவம் அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். வெள்ளையம்மா காலை இழுத்துக்கொண்டாள். “அண்ணே, நீங்க போயி என் கால…”

“நீட்டும்மா” என்றான்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம், பாயசம். ஐயாசாமி மெதுவாகத்தான் சாப்பிட்டார். பொன்னி குனிந்த தலை நிமிராமல் தின்றாள். இலையை வழித்துத் தின்றபின், பானையைப் பார்த்தாள். அமலோற்பவம் மீதியெல்லாம் வெள்ளையம்மாவின் சட்டியில் கொட்டினாள். திரும்பி வரும் வழியில் மரியநாதன் கங்காணி வந்ததைச் சொன்னான். அவள் நடந்துகொண்டே கேட்டாள்.

“எம்மேல கோவமா?”

“கோவம் இல்ல. பயந்தான்.”

“எனக்குந்தான்” என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நகர மறுத்தது. ஞாயிறன்று தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு தங்கராஜு வீட்டைச் சுற்றி வந்தார்கள். ஓசன்னா பாடும்போது மரியநாதன் கண் பாதையிலேயே இருந்தது. துரை பங்களாப் பையன் யாராவது தன்னைத் தேடி வருகிறானா என்று பார்த்தான். யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி பெயர்களைக் கூப்பிட்டார். “மரியநாதன், தள்ளி நில்லு.”

மரியநாதன் தள்ளி நின்றான். அமலோற்பவம் தலையில் பாய் சுமந்து நடப்பது கண்முன்னே தெரிந்தது. ஆனால் கங்காணி இன்னும் சிலரையும் தள்ளி நிற்கச் சொன்னார். எல்லோரும் புகை வீட்டு ஆட்கள். பழைய லயத்தை இடிக்க அவர்களைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

அந்தக் காலை வேலையை மரியநாதன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அத்தாப்பு ஓலைக் கூரையில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பலகைகளைப் பெயர்த்தார்கள். ஐயாசாமி ஒரு ரப்பர் மரத்தடியில் சட்டி பானைகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா பொன்னியை மடியில் போட்டு அதன் கண்ணைக் கையால் மூடியிருந்தாள். கடைசி அறையின் தூணை அசைக்கும்போது கிழவர் எழுந்து வந்தார். எல்லோரும் கை ஓய்ந்து நின்றார்கள்.

“அந்தப் பக்கமா தள்ளாதீங்கப்பா. மேல விழும். இந்தப் பக்கம் தள்ளுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

வேலை முடிந்ததும் மரியநாதன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் அந்த மரத்தருகே போனான். “நாளைக்கு மத்தியானம் தயாரா இருங்க. பாசிர் கூடாங் கரைக்குப் போயிடலாம்” என்றான். அந்த யோசனை அதற்கு முன் அவனுக்கு இருந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

“எம்மவன் இங்க வந்து தேடுவானே” என்றார் ஐயாசாமி.

“இங்க வீடே இல்லையே. படகுல வர்றவன் கரையிலதான் எறங்குவான். அங்க இருந்தா மொதல்ல ஒங்களத்தான் பாப்பான்.”

கிழவர் யோசித்தார். வெள்ளையம்மா, “அண்ணன் சொல்றது சரிதான் மாமா” என்றாள்.

மறுநாள் செவ்வாய், பங்குனி உத்திரம். தோட்டத்து முருகன் கோயிலில் காவடி. மத்தியானத்துக்குமேல் எல்லோருக்கும் ஓய்வு கொடுத்திருந்தார்கள். மேளமும் உறுமியும் முழங்க, தோட்டமே கோயிலடியில் கூடியிருந்தது. கங்காணியும் அங்கேதான் இருந்தார். ஐயாசாமி அந்தத் திசை நோக்கி நின்று இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு நடந்தார்கள். மரியநாதன் பொன்னியைத் தோளில் தூக்கிக்கொண்டான். அமலோற்பவம் பானைகளைச் சுமந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மரியநாதன் நின்று, முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, வரச் சொல்லிக் கைகாட்டினான். ஒருமுறை ஒரு காட்டுப்பன்றி புதரை உடைத்துக்கொண்டு ஓடியபோது, அவன் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தேவிட்டான். பொன்னி சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாசிர் கூடாங் அப்போது கடலோரத்தில் சில மலாய்க் குடிசைகள்தான். அங்கே பாக் சாலே என்ற படகுக்காரரை மரியநாதனுக்குத் தெரியும். புகை வீட்டுக்குக் கடலோரத்துக் காண்டா மர விறகு கொண்டுவந்து போடுபவர். அரைகுறை மலாயில் மரியநாதன் விஷயத்தைச் சொன்னான். அவர் கிழவரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். படகு வைக்கும் கொட்டகை காலியாகத்தான் இருக்கிறது, இருந்துகொள்ளட்டும் என்றார். தன் மகளைக் கூப்பிட்டு இளநீர் வெட்டச் சொன்னார். கனகராஜைப் பற்றிக் கேட்டபோது தாடியைத் தடவினார். எதிரே இருக்கும் உபின் தீவில் கல்லுடைக்கும் இடத்துக்கு அவர் காய்கறி ஏற்றிப் போவதுண்டு. அங்கே புதிதாகத் தமிழர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

புதன்கிழமை தோட்டத்துக்கு இருபத்தைந்து வயது. தென்னை ஓலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் நாற்காலியில் ஏறி நின்று பேசினார். தோட்டத்து ஆபீஸ் கணக்கர் பெரிய கிராணி அதைத் தமிழில் சொன்னார். காடாக இருந்த இடம் தோட்டமானதாம். அதற்குப் பாடுபட்ட எல்லோரையும் கம்பெனி மறக்காதாம். ஆளுக்கு ஒரு பொட்டலம் பூந்தி கொடுத்தார்கள். துரை கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கங்காணியின் காதில் ஏதோ கேட்டார். கங்காணி ஏதோ பதில் சொன்னார். மரியநாதன் கையிலிருந்த பூந்தி நசுங்கிப்போயிற்று.

மறுநாள் பெரிய வியாழன். பெரட்டுக்குப் பெரிய கிராணியே வந்தார். செலவைக் குறைக்கக் கம்பெனி முடிவு செய்துவிட்டது என்றார். இனித் தகடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பி அங்கேயே புகை போடுவார்கள். புகை வீட்டை மூடுகிறார்கள். புகை வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை இல்லை. பால்வெட்டிலும் பாதிப்பேர் வேண்டாம். இரண்டு கங்காணிகளில் ஒருவர் போதும். வேண்டுமென்றால் கப்பல் இலவசம்.

மரியநாதன் வீட்டுக்கு வந்து சொன்னான். அமலோற்பவம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என்னாலதானே?”

“இல்ல. எல்லாரையுந்தான் போகச் சொல்லிட்டாங்க. சோறு போட்டவன், போடாதவன் எல்லாரும். மாசம் பொறக்கும்போதே முடிவு பண்ணிட்டாங்களாம்.”

அவர்கள் இருவரும் அந்த மாதம் முழுவதும் பயந்தது வேறொன்றுக்கு. அவன் பயம் போய்விடவில்லை. அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. இனி எங்கே போவது, எதைச் சாப்பிடுவது.

பெரிய வெள்ளியன்று பாடுகளின் ஜெபம் முடிந்ததும் அவன் தங்கராஜுவிடம் கேட்டேவிட்டான். “மங்கள வார்த்தையும் பெரிய வெள்ளியும் ஒரே நாள்ல வந்திருக்கே தாத்தா. அதனாலதான் இப்படியெல்லாம் நடக்குதா?”

கிழவர் தலையாட்டினார். “ஒரே நாள்ல வராதுப்பா. பெரிய வெள்ளியில வேற திருநாள் கொண்டாட மாட்டாங்க. மங்கள வார்த்தைய ஏப்ரலுக்குத் தள்ளி வச்சாச்சு. சுவாமியார் போன தடவையே சொன்னாரு. இத எங்கிட்ட அன்னைக்கே கேட்டிருக்கலாமே.” பிறகு அவன் தோளில் கை வைத்தார். “கித்தா விலை விழுந்ததுக்குத் திருநாள் என்ன பண்ணும்?”

ஈஸ்டர் பூசைக்கு அவர்கள் ஜோகூர் பாருவுக்குப் போய்வந்தார்கள். கோயிலில் அமலோற்பவம் வெகுநேரம் முழங்காலிலேயே இருந்தாள். திங்கட்கிழமை, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாதையில் ஒரு லாரி நின்றிருந்தது. சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலேறுகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சதாசிவமும் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். தொப்பி இல்லாமல் அவர் வேறு ஆள்போல் இருந்தார். மரியநாதனைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

“அன்னைக்குத் துரை எங்கிட்ட கேட்டாரு. அந்த லயத்துக்கு யாராச்சும் சோறு கொண்டுபோனாங்களான்னு.”

“என்ன சொன்னீங்க?”

“மூர்த்திக்கப்புறம் யாருக்கும் தைரியம் வரலன்னு சொன்னேன்.” அவர் லாரியைப் பார்த்தார். “அந்த மூர்த்திய நாந்தான் காட்டிக் குடுத்தேன். ஊர்ல போயி எறங்கினாலும் அது கூடவே வரும்.”

மரியநாதன் குனிந்தான். அவருடைய மூட்டை ஒன்றைத் தூக்கி லாரியில் வைத்தான். கங்காணி ஏறிக்கொண்டார்.

மரியநாதனும் அமலோற்பவமும் கப்பலேறவில்லை. செவ்வாயன்று பாசிர் கூடாங் கரைக்குப் போனார்கள். படகுக் கொட்டகை காலியாக இருந்தது. மரியநாதன் உள்ளே புகுந்து மூலையெல்லாம் பார்த்தான். பாக் சாலே சிரித்துக்கொண்டே கடலைக் காட்டினார். கனகராஜ் உபின் தீவில்தான் இருந்தானாம். ஊருக்குப் போகிற வழியில் தோட்டத்துக்குச் சேதி சொல்கிறேன் என்ற ஒருவன், சொல்லாமலேயே கப்பலேறிவிட்டானாம். சனிக்கிழமை கனகராஜே வந்து எல்லோரையும் கூட்டிப்போய்விட்டான்.

அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பாக் சாலேயின் படகு தீவுக்குக் கிளம்பியது. அலை அவ்வளவாக இல்லை. ஆனாலும் மரியநாதன் படகின் விளிம்பை விடவே இல்லை. அடியில் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டி, படகு ஒழுகுகிறதா என்று படகுக்காரரிடம் கேட்டான். எப்போதும் கொஞ்சம் ஒழுகும் என்றார் அவர். அமலோற்பவம் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தாள்.

தீவின் கல் துறையில் பொன்னி நின்றிருந்தாள். பின்னால் கனகராஜ். தலையிலும் புருவத்திலும் கல்தூசி. அவன் கைகொடுத்து இருவரையும் கரையேற்றினான். அப்பா எல்லாம் சொன்னார், புகை வீடு மூடியதைப் பாக் சாலேயும் சொன்னார் என்றான். தங்குவதற்குத் தன் குடிசையிலேயே ஒரு பக்கம் தடுத்துத் தருவதாகச் சொன்னான். பிறகு மரியநாதனின் மெலிந்த தோளையும் கையையும் பார்த்தான்.

“வேலைக்குக் கேட்டு வச்சிருக்கேன் அண்ணே. ஆனா கல்லு ஒடைக்கிறதுதான். ஒங்களால முடியுமா?”

கல்லுடைக்கும் மலையிலிருந்து வெடிச் சத்தம் ஒன்று கேட்டது. மரியநாதன் திடுக்கிட்டு மனைவியின் கையைப் பிடித்தான். பிறகு விட்டான்.

“தெரியல” என்றான். “நாளைக்குக் காலையில வந்து பாக்குறேன்.”